கட்டிலுக்கு அடியில் கொட்டும் மாவு: மரம் துளைக்கும் வண்டுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

வீட்டில் மரச்சாமான் எது கெட்டுப்போனாலும் நம் ஊரில் ஒரே பேச்சுதான்: "செல் அரிச்சிடுச்சு." செல் என்றால் கரையான். பழைய வாசக்கால் உதிர்ந்தாலும் செல், புதுக் கட்டிலில் ஓட்டை விழுந்தாலும் செல். என் அத்தை வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத கட்டில். தினமும் காலையில் பெருக்கும்போது அதன் அடியில் கோலமாவு சிந்தினாற்போல் வெள்ளையாக ஒரு சின்னக் குவியல் கிடக்கும். பூச்சி மருந்து அடிக்கிறவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளை போட்டு, கரையான் மருந்தை ஊற்றி, சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை அதே இடத்தில் அதே மாவு.

மருந்தில் குறை இல்லை. அது கரையானுக்கான மருந்து. கட்டிலுக்குள் இருந்தது கரையானே இல்லை, வண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலையும் நிறையப் பணமும் மிச்சம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் அதிகம் பார்க்கும் கரையான் மண்ணில் வாழ்வது. அதற்கு ஈரம் வேண்டும். சுவரில் மண் குழாய் கட்டிக்கொண்டு மேலே ஏறி வரும். அது அரித்த இடத்தைக் கிளறினால் மண் அப்பியிருக்கும், பொடி கொட்டாது. வண்டுக்கோ மண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அது மரத்துக்குள்ளேயே முட்டையிலிருந்து வந்து, புழுவாக வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, துளை போட்டு வெளியேறுகிறது. காய்ந்த மரத்திலேயே அதன் முழுப் பிழைப்பும் நடந்துவிடும். தரைக்கு அடியில் எத்தனை லிட்டர் மருந்து ஊற்றினாலும் மெத்தைக்குக் கீழே இருக்கும் பலகைக்குள் அது போய்ச் சேராது.

இந்தச் சேதத்துக்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: உளுத்தல். உளுத்த தானியம் என்போம், உளுத்த மரம் என்போம். தானியத்துக்கும் மரத்துக்கும் ஒரே சொல்லை வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று பூச்சிகளைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மரத்தை மாவாக்கும் வண்டுகளில் முக்கியமானவை பாஸ்ட்ரிக்கிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. குதிரிலும் மூட்டையிலும் நெல்லைத் துளைத்து மாவாக்கும் நெல் துளைப்பான் வண்டும் அதே குடும்பம்தான். இரண்டும் தேடுவது ஒன்றையே: மாவுச்சத்து.

அது தின்பது மரத்தை அல்ல

இதுதான் முதலில் மனதில் வைக்க வேண்டிய விஷயம். நம் வீடுகளில் அதிகம் தொல்லை தருவது லிக்டஸ் என்ற சிறு வண்டு. ஆங்கிலத்தில் பவுடர்போஸ்ட் பீட்டில் என்பார்கள். பழுப்பு நிறம், ஒல்லியான உடம்பு, நீளம் 3 முதல் 7 மில்லிமீட்டர் வரை. இதன் புழுவால் மரத்தின் நாரை, அதாவது செல்லுலோஸை, செரிக்க முடியாது. மரத்தின் உயிரணுக்களில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் கொஞ்சம் புரதமும்தான் அதன் சாப்பாடு. அந்தச் சாப்பாடு மரம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால், ஒரு கவளத்துக்காக நிறைய மரத்தைக் கடித்துப் பொடியாக்க வேண்டியிருக்கிறது. நாம் பெருக்கித் தள்ளும் மாவு, சத்தை எடுத்துக்கொண்டு அது கழித்துப்போட்ட மிச்சம்.

சரி, எந்த மரத்தில் மாவுச்சத்து இருக்கும்? இதற்கு விடை அறுத்த மரத்தின் குறுக்குவெட்டிலேயே தெரியும். நடுவில் கருத்தோ சிவந்தோ பழுப்பேறியோ இருக்கும் பகுதி வைரம். அதைச் சுற்றி, பட்டைக்கு உட்புறமாக வெளிர் நிறத்தில் இருப்பதைத் தச்சர்கள் வெள்ளை என்பார்கள். மரம் உயிரோடு நின்றபோது தண்ணீரைக் கடத்தியதும் உணவைச் சேமித்ததும் இந்த வெள்ளைதான். வருடங்கள் போகப் போக வெள்ளையின் உட்பகுதி செத்து, மாவுச்சத்து தீர்ந்து, எண்ணெயும் பிசினும் கசப்பும் ஏறி வைரமாகிறது. "வைரம் பாய்ந்த மரம்" என்று நாம் சொல்வது இந்த மாற்றத்தைத்தான். தேக்கின் வைரத்தில் டெக்டோகுயினோன் என்ற ஒரு பொருள் இருக்கிறது, கரையானே அதைக் கண்டு ஒதுங்கும். ஆனால் தேக்கின் வெள்ளை? அதை வண்டு தாராளமாகத் தின்னும். "தேக்குதான், ஒன்றும் ஆகாது" என்று மரக்கடையில் சொல்லும்போது, அந்தப் பலகையின் ஓரத்தில் வெள்ளை எத்தனை விரல் அகலம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே பலகையில் ஓரம் முழுக்க மாவாகி, நடுப்பகுதி இரும்புபோல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாகையும் அப்படித்தான். வைரம் உறுதியானது, வெள்ளை வண்டுக்கு விருந்து. மா, இலவம் போன்றவற்றில் வண்டைத் தடுக்கும் அளவுக்கு வைரமே உருவாவதில்லை. ரப்பர் மரம் இன்னும் ஒரு படி மேல்: வெள்ளை எது வைரம் எது என்று பிரிக்கவே முடியாமல் முழுக்க ஒரே வெளிர் நிறம், முழுக்க மாவுச்சத்து. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வடித்து ஓய்ந்த 25, 30 வயது மரங்களை வெட்டி அறுக்கிறார்கள். வெட்டிய சில நாட்களுக்குள் மருந்து ஏற்றாவிட்டால் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். முறையாக மருந்து ஏற்றிய ரப்பர் மரச்சாமான் பல ஆண்டு நன்றாக உழைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் மரம் என்றாலே மட்டம் என்று ஒதுக்கத் தேவையில்லை.

தொல்காப்பியம் தாவரங்களைப் பிரிக்கும்போது காழ், அதாவது வைரம், உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல் என்கிறது. மூங்கிலும் பனையும் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று தனியாகத்தான் வைக்கிறது. பனங்கை எப்படி வெளிப்புறம் கல்லாகவும் உள்ளே சோறாகவும் இருக்கிறதோ, அந்தச் சோற்றை நீக்கிவிட்டு எப்படி அதைக் கூரைக்குச் சட்டமாகப் போட்டார்களோ, அதில் இந்தப் புரிதல் முழுசாக இருக்கிறது. மூங்கிலில் வைரம் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் டைனோடெரஸ் என்ற குட்டி வண்டு மூங்கில் தட்டியையும் கூடையையும் உட்பக்கமிருந்து மாவாக்கிவிடுகிறது. வெட்டிய மூங்கிலை ஆற்றிலோ குளத்திலோ வாரக்கணக்கில் ஊறப்போடும் பழக்கம் இதற்குத்தான். சர்க்கரையும் மாவுச்சத்தின் ஒரு பகுதியும் தண்ணீரில் போய்விடும். நாற்றம் வரும், ஆனால் வண்டுக்குச் சாப்பாடு குறைந்துவிடும்.

ஓட்டை எப்போது விழுகிறது?

"நேற்று ஓட்டை இல்லை, இன்று இருக்கிறது, வண்டு உள்ளே போய்விட்டது" என்று பதறுவார்கள். நடந்தது நேர்மாறு. லிக்டஸ் விஷயத்தில் அந்த ஓட்டை வெளியே வந்த வழி.

தாய் வண்டு மரத்தில் அமர்ந்ததும் முதலில் மேற்பரப்பைக் கடித்துச் சுவை பார்க்கிறது. மாவுச்சத்து போதுமானதாக இருந்தால், முட்டையிடும் மெல்லிய குழாயை மரத்தின் துவாரங்களுக்குள் செலுத்தி முட்டை வைக்கிறது. மரம் தண்ணீர் குடித்த அந்தக் குழாய்களின் வெட்டுவாய் கண்ணுக்கு ஊசிப் புள்ளிபோல் தெரியும். முட்டை உள்ளே போகும் அகலம் இருந்தால்தான் அங்கே முட்டையிட முடியும். பைன் மரத்தில் அப்படிப்பட்ட குழாயே கிடையாது. அதனால் பைன் பேக்கிங் பெட்டிப் பலகையில் செய்த சாமானுக்கு வேறு பூச்சிகள் வரலாம், லிக்டஸ் வராது.

முட்டையிலிருந்து வந்த புழு நார் ஓடும் வாக்கில் தின்றுகொண்டே போகிறது. நம் ஊர் வெப்பத்தில் சில மாதங்கள், குளிர்நாடுகளில் ஓராண்டும் அதற்கு மேலும். இந்தக் காலம் முழுவதும் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. மேல்பரப்பைக் காகிதம்போல் மெல்லியதாக விட்டுவைத்துவிட்டு உள்ளே மட்டும் குடைகிறது. கடைசியில் மேல்பரப்புக்கு அருகே வந்து கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறி, குண்டூசித் தலை அளவுக்கு, அதாவது 1 முதல் 2 மில்லிமீட்டர் வட்டத்துக்கு, ஒரு துளை போட்டு வெளியே வருகிறது. அப்போது தள்ளப்படும் பொடிதான் நம் கண்ணில் முதலில் படுகிறது. வெளியே வந்த வண்டு பெரும்பாலும் இரவில் நடமாடும், வெளிச்சத்தைத் தேடிப் போகும். காலையில் ஜன்னல் விளிம்பில் செத்துக்கிடக்கும் சின்னப் பழுப்பு வண்டுகளைக் கூட்டித் தள்ளுவதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

புதுக் கட்டிலில் ஆறாம் மாதமே ஓட்டை வந்தால், வண்டு உங்கள் வீட்டில் ஏறியிருக்க வாய்ப்பு குறைவு. மரக்கடையிலோ அறுவை மில்லிலோ பட்டறையிலோ முட்டை வைத்தாகிவிட்டது. அதன் மேல் நாம் பாலிஷ் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

வேறு யார் யார்?

பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர்போல் வழவழப்பாக இருந்தால் லிக்டஸ். சற்று நறநறப்பாக, ஓட்டையும் பெரிதாக இருந்தால் அதே குடும்பத்தின் பெரிய வண்டுகள். சைனோசைலான் என்ற இனம் நம் ஊரில் சாதாரணம். இவற்றில் மட்டும் தாய் வண்டே துளைத்து உள்ளே போய் முட்டையிடும், அதனால் நுழைந்த ஓட்டையும் உண்டு. பொடிக்குப் பதிலாகக் கசகசா மாதிரி தனித்தனி மணிகளாகக் கொட்டினால் அது வண்டே இல்லை. மண்ணே தேவைப்படாத உலர்மரக் கரையான், கரையோர ஊர்களில் பார்க்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த மணிகளுக்கு ஆறு பக்கம் இருப்பது தெரியும்.

பென்சில் நுழையும் அளவு நீள்வட்ட ஓட்டை என்றால் நீண்ட மீசை வண்டு. இந்தியாவில் காய்ந்த மரத்தைத் தாக்குவதில் ஸ்ட்ரோமேடியம் பார்பேட்டம் என்பது பேர்போனது. அதன் புழு பல ஆண்டுகள் உள்ளேயே இருக்கக்கூடியது.

அப்புறம் கருவண்டு. வெயில் நேரத்தில் ரீங்காரமிட்டுக்கொண்டு வந்து, கூரை மூங்கிலிலும் கைமரத்திலும் விரல் நுழையும் அளவுக்கு உருண்டையாகத் துளை போடுமே, அது. உண்மையில் அது தேனீ இனம். மரத்தைத் தின்பதில்லை, குஞ்சு பொரிக்க அறை கட்டுகிறது. முருங்கைப் பூவுக்கு மகரந்தம் சுமப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தோட்டத்தில் முருங்கை வைத்திருப்பவர்கள் அதைக் கொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மரத்துக்கு வண்ணம் அடித்துவிட்டால் பெரும்பாலும் அங்கே வராது.

குளிர்நாடுகளில் கதை வேறு. இங்கிலாந்தின் பழைய ஓக் கூரைகளில் ஒரு வண்டு உண்டு. துணையை அழைக்கத் தலையை மரத்தில் மோதி டக் டக் என்று தட்டும். சாகக் கிடப்பவர் பக்கத்தில் இரவு விழித்திருந்தவர்களின் காதில் அந்தச் சத்தம் விழுந்ததால் அதற்குச் சாவுக்காவல் வண்டு என்றே பெயர். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின் ஓக் கூரையை இது உள்ளுக்குள் குடைந்து வைத்திருந்தது தெரியவந்து, 1914 முதல் 1923 வரை அதைப் பழுதுபார்த்தார்கள். உத்தரங்களுக்கு உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்க வைத்தார்கள். அந்த வண்டுக்கு மருந்து கண்டுபிடிக்க அழைக்கப்பட்டவர் ஹெரால்ட் மேக்ஸ்வெல் லெஃப்ராய். அவர் அதற்கு முன் பீகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் அறிஞராக இருந்து, இந்தியப் பூச்சிகளைப் பற்றி 1909-இல் ஒரு பெரிய நூலை எழுதியவர். 1925-இல் லண்டனில் தன் ஆய்வுக்கூடத்தில் பூச்சிகளைக் கொல்லும் நச்சு வாயுவைச் சோதிக்கும்போது அதை சுவாசித்தே இறந்துபோனார். விஷயம் தெரிந்த ஒரு நிபுணருக்கே இது நடந்தது. வீட்டுக்குள் விஷப்புகை போடலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

உயிரோடு இருக்கிறதா?

ஓட்டை இருப்பதாலேயே வண்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை. தாத்தா காலத்து வீட்டின் உத்தரத்தில் நூறு ஓட்டை இருக்கலாம், எல்லாம் ஐம்பது வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம். மரம் பழையதாக ஆக மாவுச்சத்து தீர்ந்துவிடுவதால் லிக்டஸ் தானாகவே நின்றுபோகும். பொடி கொட்டுவதும் முழு ஆதாரம் ஆகாது. பழைய பொடி உள்ளே தங்கியிருந்து, கதவை அடித்துச் சாத்தும்போதோ கட்டிலில் குழந்தை குதிக்கும்போதோ உதிரும்.

எளிய சோதனை இருக்கிறது. பொடியைச் சுத்தமாகத் துடையுங்கள். இப்போதிருக்கும் ஓட்டைகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள், அல்லது மேலே காகிதத்தை ஒட்டுங்கள். அடியில் கறுப்புத் தாள் விரியுங்கள். சில மாதம் பொறுத்துப் பாருங்கள். வட்டம் போடாத புது ஓட்டை வந்தாலோ, ஒட்டிய காகிதத்தில் துளை விழுந்தாலோ உள்ளே உயிர் இருக்கிறது. புது ஓட்டையின் விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் வெளிறியும் இருக்கும், பழையது மங்கி அழுக்கேறியிருக்கும். உத்தரம், கைமரம், நிலை போன்ற பாரம் தாங்கும் மரமாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் ஆங்காங்கே குத்திப் பாருங்கள். ஓரத்தில் அரை அங்குலம் இறங்கி அப்புறம் கெட்டியாக நின்றால் வெள்ளை மட்டும் போயிருக்கிறது, வைரம் இருக்கிறது. நடுவரை சர்ரென்று இறங்கினால் அன்றே முட்டுக்கொடுத்துவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது

ஓட்டைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் வீடுகளில் முதல் வைத்தியம். சுரங்கம் முழுக்கப் பொடி இறுக்கமாக அடைத்திருப்பதால் அது தூரம் போகாது. கொஞ்ச நாளில் ஆவியாகியும் போய்விடும். நடுவில் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அலமாரிக்குள் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மனிதரைக் கொல்லும், பக்கத்து அறையில் தூங்குகிறவரையும் சேர்த்து. புகைமூட்டும் வேலை உரிமம் பெற்றவர்கள், ஆளில்லாத மூடிய இடத்தில் செய்ய வேண்டியது.

சின்னச் சாமான் என்றால் சூடும் குளிரும் போதும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருந்தால் உள்ளே இருக்கும் பூச்சி செத்துவிடும். உலக நாடுகள் பேக்கிங் மரப்பெட்டிகளுக்கு வைத்திருக்கும் விதியே இதுதான். மரப்பொம்மையையோ மூங்கில் கூடையையோ பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தாலும் வேலை முடியும்.

பெரிய சாமானுக்கு நான் நம்புவது போரான் மருந்து. அதில் மர்மம் ஒன்றும் இல்லை. பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைக்க உதவும் வெங்காரமும், கேரம் போர்டில் தூவும் போரிக் பொடியும் கலந்த கரைசல்தான். சுமார் ஒன்றரைப் பங்கு வெங்காரத்துக்கு ஒரு பங்கு போரிக். தொழிற்சாலையில் பெரிய உருளைக்குள் மரத்தை வைத்து, அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றுகிறார்கள். வீட்டில் தூரிகையால் இரண்டு மூன்று தடவை பூசலாம், ஆனால் வார்னிஷை முழுக்கச் சுரண்டிவிட்டு வெறும் மரத்தில் பூச வேண்டும். ஆழத்தில் இருக்கும் புழுவை அது அன்றே கொன்றுவிடாது. அடுத்த தலைமுறை பொரித்து அந்த மரத்தைத் தின்னத் தொடங்கும்போது வேலை செய்யும். அதனால் பூசிய பின்னும் சில மாதம் ஒன்றிரண்டு ஓட்டை வரலாம், பதற வேண்டாம். மழை படும் இடத்தில் மட்டும் போரான் கரைந்துபோய்விடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பதையும் மறக்காதீர்கள்.

வாங்கும்போதே பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபம். கடையில் சாமானின் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். கட்டிலின் குறுக்குப் பலகை, டிராயரின் அடி, அலமாரியின் பின்புறம், இங்கெல்லாம்தான் வெள்ளையை மறைத்து வைப்பார்கள், பாலிஷும் போட மாட்டார்கள். பாலிஷோ வார்னிஷோ பெயின்ட்டோ மரத்தின் துவாரங்களை அடைத்துவிடுவதால் லிக்டஸ் வண்டால் முட்டையிட முடியாது. ஆனால் ஆறு பக்கமும் அடித்தால்தான் பலன். பிளைவுட் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: தண்ணீர் புகாது என்பதும் வண்டு வராது என்பதும் வேறு வேறு. பசையின் தரம் முதலாவதைச் சொல்லும். இரண்டாவதற்குப் பலகையில் மருந்து ஏற்றியிருக்க வேண்டும், அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அத்தை வீட்டுக் கட்டிலை நாங்கள் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தோம். கால்களும் சட்டமும் கருஞ்சிவப்பாக, ஒரு ஓட்டைகூட இல்லாமல் இருந்தன. ஏழு குறுக்குப் பலகைகளில் மூன்று மட்டும் ஓரம் முதல் ஓரம் வரை வெள்ளை. விரலால் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. அந்த மூன்றையும் கழற்றி அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் எரித்தோம். வேறு பலகை போட்டு, எல்லாவற்றுக்கும் அடிப்பக்கம் உட்படப் போரான் கரைசல் பூசி, காய்ந்ததும் வார்னிஷ் அடித்தோம். கறுப்புத் தாளை ஒரு வருடம் அங்கேயே விரித்து வைத்திருந்தார் அத்தை. வாரம் ஒருமுறை போனில் தகவல் சொல்வார். கடைசி எட்டு மாதமும் அதில் விழுந்தது வெறும் தூசிதான்.